சாதா வரிசை நகர்கிறது

பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கூப்பிடுகிறவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கொள்கைதான். முன்னால் வந்தவர் முன்னால் போக வேண்டும். இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. வாசல் ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வீங்கிய கன்னங்களைப் பல வருஷமாகப் பார்த்துப் பார்த்து அவராகவே கண்டுபிடித்தது. ஒரு முறை டாக்டரின் மாமியாரே பல்வலியோடு வந்து நேராக உள்ளே நுழையப் பார்த்தார். நம்மவர் எழுந்து கும்பிட்டு, கையில் ஒரு டோக்கனைக் கொடுத்து, ஒரு பெயிண்டருக்கும் டைப்பிஸ்ட் பெண்ணுக்கும் நடுவில் உட்கார வைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த அம்மாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பல்வலி இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வட்டாரத்தில் அவருக்கு டோக்கன்காரர் என்றே பெயர். மச்சான்கூட அப்படித்தான் கூப்பிடுவான். அதில் அவருக்கு வருத்தம் கிடையாது, கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவருக்கு ஒரே மகள். ஊருக்கு வெளியே இருக்கிற கேளிக்கைப் பூங்காவில் ‘மேகப் படகு’ என்று ஒன்று உண்டு. படகில் உட்கார வைத்து, சங்கிலியில் இழுத்து உச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தண்ணீருக்குள் தள்ளிவிடுவார்கள். போன வருஷம் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது, படகு வாசலில் நிற்கிற மர ஒட்டகச்சிவிங்கியின் தாடையை எட்டவில்லை என்று இவளை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். விரற்கடை அளவுதான் குறைச்சல். மற்ற பிள்ளைகள் நனைந்து சிரித்துக்கொண்டு திரும்பி வந்தபோது, இவள் அவர்களுடைய பைகளுக்குக் காவல் இருந்தாள்.

அதிலிருந்து சமையலறை நிலைக்கதவுதான் அவளுக்கு ஒட்டகச்சிவிங்கி. ஜன்னல் கம்பியில் தொங்குவாள், பாலைக் கேட்டு வாங்கிக் குடிப்பாள், நிலைக்கதவில் முதுகை ஒட்டி நின்று அம்மாவைக் கோடு போடச் சொல்வாள். உயரம் வந்ததும் கூட்டிப்போகிறேன் என்று டோக்கன்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். உயரமும் வந்தது. கூடவே செய்தியும் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து படகைப் பழுதுபார்க்கப் பிரித்துப் போடப்போகிறார்கள்; மறுபடி எப்போது ஓடும் என்று பூங்காவுக்கே தெரியாது. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கிளம்பிவிட்டார்கள்.

பூங்கா வாசலில் சிரிப்புப் படம் போட்ட வில்லையைச் சட்டையில் குத்தியிருந்த ஒரு பெண், காத்திருக்க வந்தீர்களா அனுபவிக்க வந்தீர்களா என்று கேட்டாள். இரண்டுக்கும் என்றார் டோக்கன்காரர். அந்தப் பெண் இப்படி ஒரு பதிலை அதுவரை கேட்டதில்லை போலும். விரைவு பாஸ் என்று ஒன்று இருப்பதையும், அதை வாங்கினால் வரிசையைத் தாண்டிப் போகலாம் என்பதையும் அவருக்கு விளக்கினாள். பாஸின் விலை நுழைவுச் சீட்டின் விலையைவிட அதிகம்.

“வாங்கிடலாங்க. வருஷம் பூரா காத்துக்கிட்டிருந்தா புள்ள. இங்க வந்தும் காத்திருக்கணுமா?” என்றாள் மனைவி.

“நமக்கு முன்னாடி வந்தவங்க என்ன பாவம் பண்ணாங்க?”

“பாஸ் வாங்காத பாவம்தான்.”

டோக்கன்காரர் தலையைச் சொறிந்தார். பாஸ் வாங்குவதால் உண்மையில் பயன் உண்டா என்று வில்லைப் பெண்ணிடம் கேட்டார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. இதே கேள்வி எல்லோருக்கும் வருவதால் பூங்கா அதற்கென்றே ஓர் ஆலோசனை மையம் நடத்துகிறது என்று கையைக் காட்டினாள். மையத்தின் முன்னால் நீண்ட வரிசை நின்றது. அந்த வரிசையைத் தாண்டிப் போக ஆலோசனைப் பாஸ் தனியாக உண்டு. ஆலோசனைப் பாஸால் பயன் உண்டா என்று தெரிந்துகொள்ள ஆலோசகரைத்தான் கேட்க வேண்டும். ஆலோசகரைப் பார்க்க வரிசையில் நிற்க வேண்டும். டோக்கன்காரர் இதை ஒரு முறைக்கு இரு முறை யோசித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் வரிசையில் போய் நின்றார். பொழுதில் ஒரு நல்ல பங்கு அங்கேயே போயிற்று.

ஆலோசகர் டை கட்டிய இளைஞர். பேச்சில் தேன் ஒழுகியது.

“சார், ஒண்ணு நல்லாப் புரிஞ்சுக்கணும். நாங்க வேகத்தை விக்கல. படகு எல்லாருக்கும் ஒரே வேகத்துலதான் போகுது. நாங்க விக்கிறது நிம்மதி. வெயில்ல நாலு பேரு நிக்கிறதைப் பார்த்துக்கிட்டே நிழல்ல நடந்து போறப்ப மனசுக்குள்ள ஒண்ணு வரும் பாருங்க, அது. ஆனா அதுக்கு நாலு பேரு வெயில்ல நிக்கணும் இல்லையா? அதனாலதான் சாதா டிக்கெட்டை இன்னும் எடுக்காம வச்சிருக்கோம். ஏழை எளியவங்களுக்கும் இதுல ஒரு பங்கு இருக்கணும்னு எங்க தலைவர் அடிக்கடி சொல்லுவாரு.”

“அதெல்லாம் சரி தம்பி. வாங்கினா பயன் இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க.”

இளைஞர் மேஜைமேல் குனிந்து, சொந்தக்காரரிடம் ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்.

“வாங்காம நின்னு பாருங்க. பயன் என்னன்னு உங்களுக்கே தெரியும்.”

இதைக் கேட்டதும் டோக்கன்காரருக்குக் கொள்கை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நின்றே பார்க்கிறேன் என்று எழுந்து வந்தார். மனைவி அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். மகள் மட்டும் ஒட்டகச்சிவிங்கியிடம் ஓடிப்போய்த் தாடைக்குக் கீழே நின்று பார்த்தாள். தலை இடித்தது. திரும்பிப் பார்த்து, முன்பல் விழுந்த வாயோடு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

மேகப் படகின் சாதா வரிசை இரும்புக் கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போயிற்று. கூரை கிடையாது. பக்கத்திலேயே பாஸ் வரிசை. அதற்குக் கூரை உண்டு, மின்விசிறி உண்டு, நடுவில் ஒரு கண்ணாடிச் சுவரும் உண்டு. அந்தக் கண்ணாடியை ஒருவர் ஓயாமல் துடைத்துக்கொண்டே இருந்தார். சாதா வரிசையில் டோக்கன்காரருக்கு நேர் முன்னால் நின்றவர் ஓய்வுபெற்ற தபால்காரர். தெரிந்த முகம், கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியும் கிளினிக் பக்கம் வராமல் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருப்பவர். பேத்தியைக் கூட்டி வந்திருந்தார். இரண்டு பெண் குழந்தைகளும் சற்று நேரத்தில் சிநேகமாகிவிட்டார்கள்.

வரிசை அசையவே இல்லை. டோக்கன்காரர் எட்டி எட்டிப் பார்த்தார். படகுக்கு ஆறு இருக்கை. நாலு பேர் குடும்பம் ஏறினால் பாக்கி இரண்டு இருக்கை காலியாகவே போயிற்று. அடுத்தவர்கள் யார் யாரோடு உட்காருவது என்று கம்பிக்கதவுக்கு முன்னால் பேசித் தீர்ப்பதற்குள் ஒரு படகு மொத்தமாகக் காலியாகவே உச்சிக்குப் போய்வந்தது. கதவருகே நின்ற சிப்பந்தி அதை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளினிக்கில் நாற்காலி ஒரு நிமிஷம் காலியாக இருந்தாலும் டோக்கன்காரருக்குக் கை பரபரக்கும். பல் பிடுங்க வந்தவரை மரத்துப்போகும் ஊசி போட்டதும் வெளியே உட்கார வைத்து, அதற்குள் பல் சுத்தம் செய்ய வந்தவரை உள்ளே அனுப்புவதுதான் அவருடைய பிழைப்பு. அந்தப் பழக்க தோஷத்தில் அவர் ஒரு காரியம் செய்துவிட்டார். கையைத் தட்டினார்.

“ரெண்டு பேரா வந்தவங்க யாரு? கையத் தூக்குங்க. நாலு பேருக்குப் பின்னாடி இவங்க ரெண்டு பேரு. பெரியவரே, நீங்க பேத்தியோட அந்தக் குடும்பத்துக்குப் பக்கத்துல நில்லுங்க. யார் முறையும் போகாது, நான் பார்த்துக்கிறேன்.”

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, எல்லோரும் கேட்டார்கள். பல்வலிக்காரர்களையே அடக்கி வைத்த குரல் அது. படகுகள் நிறைந்து போகத் தொடங்கின. வரிசை ஒரு வளைவு நகர்ந்தது. பிறகு இன்னொரு வளைவு. வெயிலில் வாடிக் கிடந்தவர்கள் நிமிர்ந்தார்கள், யாரோ சீட்டியடித்தார்கள். தபால்காரர் திரும்பி, சாதா ஜனங்களுக்கும் ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்றார். மனைவிகூட வாயைத் திறந்து, தண்ணீர் வேண்டுமா என்று டோக்கன்காரரைக் கேட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப்புறம்தான் குழப்பம். பாஸ் வரிசையில் ஒருவர் நகர்கிற தலைகளைப் பார்த்துவிட்டார். மனைவிக்குக் காட்டினார். மனைவி அடுத்தவருக்குக் காட்டினாள். அவர்கள் நகரும்போது நாம் எதற்கு இவ்வளவு பணம் கொடுத்தோம் என்று ஒருவர் கேட்க, எல்லோரும் கேட்கத் தொடங்கினார்கள். ஒலிபெருக்கி கரகரத்தது.

“பொறுப்பாளர்கள் கவனத்திற்கு. மேகப் படகில் சாதா வரிசை நகர்கிறது. மீண்டும் சொல்கிறோம், சாதா வரிசை நகர்கிறது. வாடிக்கையாளர்கள் பதற்றப்பட வேண்டாம்.”

பாட்டரி வண்டியில் ஆட்கள் வந்து குதித்தார்கள். ஒருவர் கையில் முதலுதவிப் பெட்டி. ஒருவர் கோமாளி வேஷத்தில் இருந்தார். அவர் நேராக வரிசையின் தலைப்பக்கம் போய் நின்று வேடிக்கை காட்டத் தொடங்கினார். வேடிக்கை பார்த்ததில் படகு ஒன்று காலியாகப் போயிற்று. பொறுப்பாளர்கள் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார்கள். பிறகு டோக்கன்காரரின் முழங்கையை மரியாதையாகப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனார்கள்.

மாடியில் குளிரூட்டிய அறை. ஜன்னலுக்குக் கீழே எல்லா வரிசைகளும் தெரிந்தன. மேஜைக்குப் பின்னால் பூங்கா மேலாளர். அவருக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு மனிதர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் தாமதப் பொறியாளராம். கீழே இருக்கிற ஒவ்வொரு வளைவும் அவர் வரைந்ததாம். வரிசை நகர்ந்த காட்சியைப் பார்த்ததில் மனம் உடைந்துவிட்டதாம்.

எந்தப் பூங்காக்காரர்கள் உங்களை அனுப்பினார்கள் என்று மேலாளர் கேட்டார். யாரும் அனுப்பவில்லை, பல் கிளினிக்கில் வேலை என்றார் டோக்கன்காரர். அதை அவர்கள் நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“நீங்க நல்லவரு, அதுதான் பிரச்சினை. படகு ஓட்டுறது எங்களுக்கு நஷ்டம் சார். டீசல், சங்கிலி, தண்ணி, எல்லாம் செலவு. எங்களைக் காப்பாத்துறது வரிசை. வரிசை இருந்தாத்தான் பாஸ் விக்கும். பாஸ் வித்தாத்தான் பாஸ் வரிசையிலயும் கூட்டம் சேரும். கூட்டம் சேர்ந்தாத்தான் அதுக்கு மேல உச்ச பாஸ் போட முடியும். இவர் ராத்திரி பகலா உழைச்சு ஒரு தாமதத்தைக் கட்டி வச்சிருக்காரு. நீங்க பாட்டுக்குக் கையத் தட்டிக் கலைச்சுட்டீங்களே” என்றார் மேலாளர். கோபமே இல்லை அந்தக் குரலில். வருத்தம்தான் இருந்தது.

டோக்கன்காரர் தன்னை அறியாமல் மன்னிப்புக் கேட்டுவிட்டார். பொறியாளர் தலையை ஆட்டி அதை ஏற்றுக்கொண்டார்.

மேலாளர் இழுப்பறையைத் திறந்து மூன்று பாஸ்களை எடுத்து மேஜையில் வைத்தார். இலவசம். ஒரே நிபந்தனை, இனி இந்தப் பூங்காவில் யாரையும் ஒழுங்குபடுத்தக் கூடாது.

டோக்கன்காரர் ஜன்னல் வழியே பார்த்தார். வரிசை மறுபடி உறைந்து நின்றது. வெயில் சாய்ந்துவிட்டது. மகள் அம்மாவின் கையை விட்டுவிட்டு ஒட்டகச்சிவிங்கியின் கீழே மறுபடி போய் நின்று, உயரம் குறைந்துவிட்டதா என்று தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்களை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவமானமாக இருந்தது. ஆனாலும் எடுத்துக்கொண்டார்.

கீழே வந்தபோது தபால்காரர் அவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். உங்கள் இடத்தை யாருக்கும் விடாமல் பிடித்து வைத்திருக்கிறேன் என்றார். டோக்கன்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“இல்லைங்க... நாங்க அந்தப் பக்கமாப் போறோம்.”

டோக்கன்காரரின் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த பாஸைத் தபால்காரர் பார்த்தார். “சரி சரி. புள்ளைக்காகத்தானே” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பாஸ் வரிசைக்குள் நுழைந்ததும்தான் விஷயம் தெரிந்தது. சாதா வரிசை மறுபடி நின்றுபோனதைப் பார்த்து ஜனங்கள் பயந்துபோய் ஆளாளுக்குப் பாஸ் வாங்கியிருந்தார்கள். மின்விசிறிக்குக் கீழே மூச்சுவிட இடம் இல்லை. அதற்கு அந்தப்பக்கம் கம்பளம் விரித்த உச்ச பாஸ் வரிசை. அங்கேயும் ஒரு கூட்டம் கம்பளத்தின்மேல் அசையாமல் நின்றது. அதற்கும் அந்தப்பக்கம் ஒரு பாதை முழுக்கக் காலியாக இருந்தது. அது யாருக்கு என்று கேட்டதற்கு, அது யாருக்கும் இல்லை, வேகமாகப் போகிற வரிசை ஒன்று இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக வைத்திருக்கிறோம் என்றார் காவலுக்கு நின்றவர்.

இரண்டு பேர் கையைத் தூக்குங்கள் என்று சொல்ல டோக்கன்காரருக்கு நாக்கு துடித்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முன்னால் ஒரு படகு பாதி காலியாகப் போவதைப் பார்த்தார். இன்னொன்று போவதையும் பார்த்தார்.

அவர்கள் கம்பிக்கதவை அடைந்தபோது மணி அடித்தது. சிப்பந்தி மகளின் மூக்குக்கு நேரே சங்கிலியை மாட்டினார். இன்றைய ஓட்டம் முடிந்தது, இந்தப் பருவமும் முடிந்தது என்றார்.

மனைவி பாஸைச் சிப்பந்தியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு மிகவும் பணிவாகச் சொன்னார்.

“அம்மா, இது வரிசையைத் தாண்டுறதுக்கான பாஸ். தாண்டிட்டீங்க. படகுல ஏத்துறதா இதுல எங்கேயும் சொல்லலை.”

மகள் அழவில்லை. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் சும்மா ஆடிக்கொண்டிருந்த படகைப் பார்த்தாள்.

“அப்பா, நம்ம முறை எப்ப வரும்?”

கிளினிக்கில் இந்தக் கேள்வி அவர் காதில் விழாத நாளே கிடையாது. ஒரு முறைகூட அவர் பதில் சொல்லத் திணறியதில்லை. அவளைத் தூக்கிக்கொண்டார், தூக்குகிற வயதெல்லாம் தாண்டி, நன்றாகவே வளர்ந்திருந்தாள்.

வெளியே போகும் வழியில் நினைவுப் படம் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். ஏற முடியாதவர்களுக்கு இலவசம். மேகப் படகு உச்சியிலிருந்து பாய்கிற படம். முன் இருக்கைகளில் யார் யாரோ தலைமுடி பறக்க, கண் பிதுங்கக் கத்திக்கொண்டிருந்தார்கள். பின் இருக்கையில், வரிசையில் நிற்கும்போது எடுத்த இவர்கள் மூவரின் முகங்களை ஒட்டியிருந்தார்கள். மகள் வண்டியில் வீடு வந்து சேரும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லோரும் கத்துகிறார்கள், நாம் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருக்கிறோம் என்றாள்.

மறுநாள் டோக்கன்காரர் அந்தப் படத்தைக் கிளினிக் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது டாக்டர் வெளியே வந்தார். இது என்னப்பா என்றார். யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவருக்கு அதுவே போதும். மடை திறந்த மாதிரி கொட்டிவிட்டார். பாஸ், கண்ணாடிச் சுவர், மின்விசிறி, காலிப் பாதை, தாமதத்துக்கென்று ஒரு பொறியாளர், எதையும் விடவில்லை. இப்படியும் ஓர் அநியாயம் உண்டா டாக்டர் என்றார்.

டாக்டர் நோயாளியை வாய் திறந்தபடியே விட்டுவிட்டு வந்து நின்று கேட்டார். நடுநடுவே சந்தேகமும் கேட்டார். கண்ணாடி எதற்கு, எவ்வளவு உயரம், மின்விசிறி எந்தப் பக்கம். இத்தனை வருஷத்தில் டாக்டர் தன் பேச்சை இவ்வளவு ஈடுபாட்டோடு கேட்டதே இல்லை என்று டோக்கன்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. விவரங்களை இன்னும் விரிவாகச் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை அவர் வேலைக்கு வந்தபோது கூடத்தின் நடுவே கண்ணாடிச் சுவர் நின்றது. அந்தப்புறம் மெத்தை போட்ட சோபா, ஏசி. இந்தப்புறம் பழைய பெஞ்சு. அதற்கு மேலே இருந்த மின்விசிறியைக் கழற்றிவிட்டார்கள்.

“உன்னாலதாம்ப்பா இந்த யோசனையே வந்துது. இதுல அனுபவம் உள்ளவன் நீதான். சாமர்த்தியமா நடத்து. புள்ளையப் படிக்க வைக்கணும் இல்ல?” என்றார் டாக்டர்.

முதல் விரைவு டோக்கனை வாங்கியவர் டாக்டரின் மாமியார். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, பல வருஷத்துக்குப் பிறகு டோக்கன்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

தபால்காரர் அன்றைக்குத்தான் வந்தார். கடைவாய்ப் பல் ஒருவழியாக அவரைத் துரத்திக்கொண்டு வந்துவிட்டது. கன்னம் உப்பி ஒரு கண்ணை மூடியிருந்தது. தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு கண்ணாடிச் சுவரைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். பிறகு டோக்கன்காரர் பக்கம் குனிந்து, வாயைத் திறக்க முடியாமல் மெதுவாகக் கேட்டார்.

“நீங்க நம்ம ஆளு. உண்மையச் சொல்லுங்க. அந்த டோக்கன் வாங்கினா பயன் இருக்கா?”

உள் அறைக் கதவு திறந்திருந்தது. டாக்டர் கையில் இடுக்கியோடு இங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார். டோக்கன்காரர் டோக்கன் கட்டை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

“வாங்காம உக்காந்து பாருங்க. பயன் என்னன்னு உங்களுக்கே தெரியும்.”

குரல் அவருடையதாகவே இல்லை. தபால்காரர் நல்ல கண்ணால் அவரைப் பார்த்தார்.

“சரி சரி. புள்ளைக்காகத்தானே” என்று சொல்லிவிட்டுப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

சோபாவில் இருப்பவர்களுக்குப் பெஞ்சு சரியாகத் தெரியவில்லை என்று டாக்டர் உள்ளேயிருந்து சைகை காட்டினார். டோக்கன்காரர் எழுந்து போய், தபால்காரரைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லி, பெஞ்சைக் கண்ணாடிக்கு நேராகத் திருப்பிப் போட்டார். பிறகு நாற்காலிக்குத் திரும்பி வந்து, அடுத்தது என்று கூப்பிட்டார். அப்போதுதான் காரை விட்டு இறங்கி வந்திருந்த ஒருவர், உட்காராமலே உள்ளே போனார்.